சம்பந்தி ஏன் எழுந்து நின்றார்

கார்த்திக்,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை, அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டுப் போனை வைத்ததிலிருந்து எனக்குள் இருப்பது அருவருப்புதான். பெற்ற பிள்ளையைப் பற்றி எழுதுகிற வார்த்தையா இது என்று உன் அப்பா கேட்டார். வேறு வார்த்தை இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன் என்றேன். அவர் ரிமோட்டைத் தேடப் போய்விட்டார்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலீஷில் எழுதினால் ஆபீஸ் மெயிலைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிடுவாய். சனிக்கிழமை தவறாமல் காப்பெல் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன புண்ணியத்தில் உனக்குத் தமிழ் வாசிக்க வரும். வேகமாக வாசிக்க வராது. எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி, எனக்கு வேண்டியதும் அதுதான். இதை நம் ஊர்த் தமிழ்ச் சங்க மலரில் போடக் கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தால் உனக்குக் கோபம் வரும். நீ துப்பாக்கியை ஊரறிய இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறாய், நானும் ஊரறிய எழுதுகிறேன். பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன், உன் பெயர் உட்பட. மலர்க் குழுவில் உன்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்ட அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவரும் படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன், நான் கூட்டிச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. கல்யாணம் நியூஜெர்சியில் வேண்டாம், டெக்சாஸிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாய். பெண் வீட்டார் பிஸ்கட்டவேயில் சர்ச், ஹால் எல்லாம் பேசி முடித்துவிட்டார்களே, என்ன ஆயிற்று என்று பதறிப்போய்க் கேட்டேன். யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் என் புத்தி ஓடியது. நீ சாவகாசமாகச் சொன்னாய். "அங்க கேரி பண்ண முடியாதும்மா. நியூஜெர்சி லா வேற. அது இல்லாம எனக்கு கம்ஃபர்ட்டபிளா இருக்காது." இடுப்பில் துப்பாக்கியோடு நாலு பேர் பார்க்க நடமாடுவதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் கேரி, ஏதோ டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. சம்பந்தி என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒரு நிமிஷத்தில் சரி என்று சொல்லிவிட்டார், அவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு சிங்க் பக்கம் போய் நின்றேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். நானும் அங்கே இருந்தேன். இர்விங்கில் அந்த கேஸ் ஸ்டேஷனில் நீ பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாய், நான் காருக்குள் இருந்தேன். பின்னால் பிக்கப் டிரக்கில் காத்திருந்தவனுக்கு நாம் நேரம் எடுத்துக்கொள்கிறோம் என்று ஆத்திரம். உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று கத்தினான். கிளம்பும்போது நம் வண்டிக் கண்ணாடியில் காறித் துப்பிவிட்டுப் போனான், நான் உட்கார்ந்திருந்த பக்கம். இந்த நாட்டில் பிறந்தவன் நீ. உனக்குத் திரும்பிப் போக வேறு நாடு கிடையாது. நீ பம்பைப் பிடித்த கையோடு சிலையாக நின்றாய். வீட்டுக்கு வந்து அந்தக் கண்ணாடியைக் கழுவினாய், கழுவினாய், கழுவிக்கொண்டே இருந்தாய். இனிமேல் ஒருத்தன் முன்னாலும் இப்படிச் சிறுத்துப்போய் நிற்க மாட்டேன் என்று அன்று என்னிடம் சொன்னாய். அதனால் நீ துப்பாக்கி வாங்கியபோது நான் வாயைத் திறக்கவில்லை. பிடிக்கவில்லை, ஆனால் புரிந்தது. பெட்டியில் பூட்டி வைத்திருந்தாய், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

பிறகு அது பெட்டியிலிருந்து இடுப்புக்கு வந்தது. சட்டைக்குள் இருந்தது, சட்டைக்கு வெளியே வந்தது. இன்டர்வியூவுக்குப் போகும்போதுகூட சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளடா என்று உன்னிடம் கெஞ்சியிருக்கிறேன், ஒரு நாள் கேட்டதில்லை. இப்போது கொத்தமல்லி வாங்கப் போகும்போதும் டக் இன் பண்ணுகிறாய். எல்லோர் கண்ணிலும் பட வேண்டுமே. உன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது என்றால் அது உன்னோடு போகட்டும். அடுத்தவர்கள் பார்க்க வேண்டும் என்று எப்போது தோன்றியதோ, அப்போதே அது காவல் என்கிற கதை முடிந்துவிட்டது. நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால், "இட்ஸ் லீகல்மா" என்கிறாய். சட்டத்தைப் பற்றி நான் எப்போது கேட்டேன்? சாப்பிட்ட கையோடு சபையில் பல் குத்துவதும் சட்டப்படி தப்பில்லை.

சாப்பாட்டு மேசையை மறக்கவே முடியாது. நான் வாழைக்காய் நறுக்கி வைத்திருந்த பக்கத்திலேயே துண்டை விரித்து, அதைக் கழற்றிப் பகுதி பகுதியாகப் பரப்பி வைத்திருந்தாய். வெடிமருந்தும் எண்ணெயும் கலந்த அந்த நாற்றம் சமையலறை வரைக்கும் வந்தது. துடைக்க நீ எடுத்திருந்தது உன் அப்பாவின் பழைய வேட்டி. கிழித்துத் துண்டு போட்டிருந்தாய். அந்த வேட்டியில்தான் உன்னைத் தூளி கட்டிப் போட்டோம் என்றெல்லாம் கதை விடப்போவதில்லை, அது போன வருஷம் நைந்துபோன வேட்டி. இருந்தாலும் அந்தக் கறுப்புக் கறையைப் பார்த்த பிறகு இரண்டு நாள் அந்த மேசையில் நான் சாப்பிடவில்லை, சோபாவில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். உனக்கு அது தெரியாது. அம்மா டிவி பார்க்கிறாள் என்று நினைத்திருப்பாய்.

தோசைக் கடைக்குப் போனோமே, அன்றைக்கு நான் உன்னைப் பார்க்கவில்லை, மற்றவர்களைப் பார்த்தேன். நாம் உட்கார்ந்த மேசைக்குப் பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள், ஒரு சின்னக் குழந்தையோடு. உன் இடுப்பு அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேராக இருந்தது. அதில் ஒருத்தி உன் இடுப்பைப் பார்த்தாள், மற்றவளைப் பார்த்தாள். கை காட்டி டப்பா வாங்கி, பாதி தின்ற தோசையை அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். குழந்தைக்கு வாய்கூடத் துடைக்கவில்லை. பரிமாற வந்தவர் நம் மேசைக்கு மட்டும் சாம்பாரைக் கேட்காமலே மறுபடி மறுபடி கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றும்போது அவர் கண் சாம்பாரில் இல்லை. வெளியே வந்ததும் நீ, இன்றைக்கு சர்வீஸ் பிரமாதம் என்றாய். சர்வீஸாம். அந்த மனிதர் நாம் சீக்கிரம் எழுந்து போக மாட்டோமா என்று வேண்டிக்கொண்டிருந்தார். அதை நீ மரியாதை என்று எடுத்துக்கொண்டு டிப்ஸும் தாராளமாக வைத்தாய்.

நம் ஆட்களையும் விட்டுவிட முடியாது. அன்றைக்குப் பார்க்கில் சங்கத்துப் பாட்லக், ஆளுக்கு ஒன்று சமைத்து எடுத்து வந்திருந்தோம். உன்னைப் பார்த்ததும் அங்கிள்கள் எல்லாம் சின்னப் பையன்கள் ஆகிவிட்டார்கள். தொட்டுப் பார்க்கலாமா, என்ன விலை, எத்தனை தோட்டா என்று ஒரே விசாரணை. ஒருவர் உன் தோளில் கை போட்டு படம் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி என் பக்கத்தில் நின்று புளியோதரை போட்டுக்கொண்டிருந்தாள். நல்லா வளத்திருக்கீங்க, தைரியமான புள்ள என்றாள் என்னிடம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தன் இரண்டு பேரப் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள், வெயில் ஜாஸ்தி என்று. பாதி பேருக்கு இளிப்பு, பாதி பேருக்கு பயம், உன் முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் வாய் இல்லை. எனக்கு எது அதிகம் கசந்தது என்று கேட்டால் அந்த இளிப்புதான்.

இனி நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற ஷாமினியின் குடும்பம் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம் என்பது இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பெண்ணும் அப்பாவும் அம்மாவும் வெள்ளிக்கிழமையே நியூஜெர்சியிலிருந்து வந்து நம் வீட்டில் தங்கினார்கள். சம்பந்திக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழ நேரம் பிடிக்கும். அப்படிப்பட்டவர் நீ ஹாலுக்குள் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார். நீ காபி எடுக்க வந்தாலும் நின்றார், சார்ஜர் தேடி வந்தாலும் நின்றார். நீ உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். பழைய காலத்து மரியாதை என்று நீ பெருமையாகச் சொன்னாய். உன் அப்பாவும் தலையாட்டினார். நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கும்போது இரண்டு கைகளையும் உடம்பை விட்டுச் சற்று விலக்கி, விரல்களை விரித்து, எதுவும் இல்லை என்று காட்டுகிற மாதிரி வைத்திருந்தார். மரியாதைக்கு நிற்கிறவர் கையை அப்படி வைத்துக்கொள்வதில்லை.

சனிக்கிழமை காலையில் உன் அறைக்கு வந்து, இன்றைக்கு ஒரு நாள் கழற்றி வையடா என்று கேட்டேன். இது என் வீடு, இது என் உரிமை என்றாய். விசேஷ நேரத்தில் எதற்கு வாக்குவாதம் என்று அப்பா நடுவில் வந்தார். பட்டு வேட்டி கட்டினாய், அதுவும் ஒட்டிக்கொள்கிற வேட்டி. துப்பாக்கியின் கனத்தை ஒட்டு தாங்காது என்று பட்டுக்கு மேலே தோல் பெல்ட்டைப் போட்டு, உறையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாய். கண்ணாடியில் வேறு பார்த்துக்கொண்டாய். அலங்கோலம் என்பதற்கு எனக்கு இனிமேல் வேறு உதாரணம் தேவையில்லை.

தட்டு மாற்றி முடிந்ததும் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கச் சொன்னோம். நீ நேராகச் சம்பந்தியிடம் போய் அவர் காலில் விழுந்தாய். குனிந்தபோது துப்பாக்கியின் பிடி உன் இடுப்பிலிருந்து அவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. ஆசீர்வதிக்கத் தூக்கிய கையை அவர் அப்படியே நிறுத்தினார். காலை இழுத்துக்கொண்டார். பின்னால் இரண்டு அடி போய் நாற்காலிக்குப் பின்புறம் நின்றார். உன் தலையில் அவர் கை படவே இல்லை. கூட்டத்தில் யாரோ, அவங்க கிறிஸ்டியன்ஸ், கால்ல விழறதெல்லாம் அவங்களுக்குப் பழக்கமில்லப்பா என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்துக்கொண்டே எழுந்தாய். எவ்வளவு சுலபமாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அந்தக் காரணம் பொய் என்று எனக்குத் தெரியும். காலையில் பூ கொடுக்க மாடிக்குப் போயிருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது. ஷாமினி புடவையோடு தரையில் முழந்தாளிட்டு அப்பாவின் காலடியில் குனிந்திருந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்து ஜெபம் சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டுத் தூக்கிவிட்டார். அவர்களுக்கும் இது பழக்கம்தான் கார்த்திக். பிள்ளைகள் காலில் பணிவதும், பெரியவர்கள் தலை தொட்டு வாழ்த்துவதும் அந்த வீட்டில் நம் வீட்டைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. தன் பெண்ணுக்கு நீட்டிய கையை அந்த மனிதர் உனக்கு நீட்ட முடியாமல் போனதற்கு மதம் காரணமில்லை. உன் இடுப்புதான் காரணம்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அவர் கொல்லைப்புறம் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பால் இல்லாத டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், அவர் கையமர்த்தினார். "எனக்குத் தம்பியில கோவமில்லைத் தங்கச்சி. நல்ல பிள்ளை. அதைக் கண்டா என்ர கால் தானா எழும்புது" என்றார். அதற்குமேல் கேட்கக் கூடாது என்று இருந்தேன். அவரே டீயை ஆற்றிக்கொண்டு சொன்னார். "ஊரில சண்டை நடந்த நாளில உதோட ஒருத்தர் வீட்டுக்குள்ள வந்தா, ஆர் எவர் எண்டு பாக்கிறேல்லை. எழும்பி நிக்கிறதுதான். கேட்டதுக்கு ஓம் எண்டு சொல்லுறதுதான்." எழுந்திருக்கத் தாமதித்த தன் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிட்டார். போகும்போது, தம்பிக்குச் சொல்லிவிடாதீர்கள், மனம் நோவார் என்றார். சரி என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த மனிதர் உன் மனம் நோகக் கூடாது என்று பார்க்கிறார். எனக்கு அந்தக் கவலை இல்லை, நன்றாக நோகட்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ அவர்களை ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போனாய், அங்கிருந்துதான் எனக்குப் போன் பண்ணினாய். வழியில்தான் கல்யாணத்தை டெக்சாஸுக்கு மாற்றலாமா என்று கேட்டதாகச் சொன்னாய். நான் அந்தக் காரை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். பெண்கள் இருவரும் பின்னால். நீ ஓட்டுகிறாய், அவர் உன் பக்கத்து சீட்டில். இந்த ஊர்க் காரில் ஓட்டுகிறவனின் வலது இடுப்பு பக்கத்து சீட்டுக்காரர் பக்கம்தானே இருக்கும்? உனக்கும் அவருக்கும் நடுவில் அது இருந்தது. ஓடுகிற காரில் எழுந்து நிற்க முடியாது, நாற்காலிக்குப் பின்னால் போகவும் முடியாது. அந்த நிலையில் அவரிடம் நீ ஒன்று கேட்டாய். "ஓம் தம்பி, உங்கட விருப்பம்" என்று அவர் சொன்னாராம். அதைத்தான் ஒரு நிமிஷத்தில் சரி சொல்லிவிட்டார் என்று என்னிடம் சிரித்தாய். நீ மிரட்டவில்லை என்று எனக்குத் தெரியும். மிரட்டுகிற வேலையை உன் இடுப்பிடம் விட்டுவிட்டு நீ நல்லபிள்ளையாக ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாய். அதுதான் எனக்கு அருவருப்பு.

அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது, திங்கட்கிழமை ஷாமினி போன் செய்து அழும் வரை. அவருடைய அக்கா ஒருவர் பிஸ்கட்டவேக்குப் பக்கத்தில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், சக்கர நாற்காலியில். இவரை யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வரவழைத்து ஆளாக்கியவர் அந்த அம்மாள்தான். அவரால் விமானத்தில் ஏற முடியாது. சர்ச்சில் முன் வரிசை ஓரத்தில் ஒரு பெஞ்சை எடுத்துவிட்டு, அந்த நாற்காலிக்கு இடம் ஒதுக்கும்படி சம்பந்தி போன மாதமே கேட்டு வைத்திருந்தாராம். இதில் எதையும் உன்னிடம் சொல்லவில்லை. நீயே போய்ச் சொல்லேன் என்று ஷாமினியிடம் கேட்டேன். அப்பாவே ஓம் என்றுவிட்டார், நான் எதிர்த்துப் பேசினால் ஏதாவது விபரீதம் ஆகிவிடும் என்று அப்பா பயப்படுகிறார் என்றாள். பிறகு உனக்காகவே பேசினாள். "கழட்டி வச்சா அவர் அவர்தான் ஆன்ட்டி." அது எனக்கும் தெரியும். அந்தப் பிள்ளையைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதிரிக் கடிதங்களில் ஒரு பத்தி வரும், பெற்றவர்கள் கண் கலங்கி, வளர்த்ததில் என் மேலும் தவறு இருக்கிறது மகனே என்று எழுதுவார்கள். நான் எழுதப்போவதில்லை. இது உன் தவறு. உனக்கு அதைக் கழற்றத் தெரியாது என்றும் இல்லை. லாஸ் கொலினாஸில் உன் ஆபீஸ் வாசலில் கூடாது என்று போர்டு இருக்கிறது, தினமும் காரில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறாய். அங்கே உனக்கு கம்ஃபர்ட்டபிளாக இல்லாமல் போகவில்லை. நம் வீட்டுக்குள் வரும்போது ஷூவைக்கூடக் கழற்றுகிறாய், இல்லாவிட்டால் நான் கத்துவேன் என்று. மேனேஜருக்காகக் கழற்றுவாய், கார்ப்பெட்டுக்காகக் கழற்றுவாய், பெண் கொடுக்கிற மனிதருக்காகக் கழற்ற மாட்டாய். நானும் ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டிவிட்டேன், தமிழில், பெரிய எழுத்தில். உன் அப்பா முதலில் முணுமுணுத்தார். பிறகு அவரே ஏணி எடுத்து வந்து ஆணி அடித்துக் கொடுத்தார்.

கேஸ் ஸ்டேஷனில் அந்த ஆள் என்ன செய்தான் என்று நான் இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். நாம் பதில் பேச மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில் துப்பினான். நீ நின்ற மாதிரியேதான் சம்பந்தி நம் வீட்டு ஹாலில் நின்றார், வாய் அடைத்து, கை அசையாமல். சிறுத்துப்போய் நிற்க மாட்டேன் என்று சொன்னவன் இன்னொருத்தரை அப்படி நிற்க வைத்துவிட்டு, அவருக்கு மரியாதை தெரியும் என்று சான்றிதழ் கொடுக்கிறாய். பயந்தவன் சொல்கிற சரியில் என்னடா இருக்கிறது? உன்னிடம் முடியாது என்று ஒருத்தரால் சொல்ல முடிந்தால்தான் அவர் சொல்கிற சரிக்கு மதிப்பு. எனக்கு உன்னிடம் பயமில்லை, அதனால் நான் முடியாது என்கிறேன். டெக்சாஸில் கல்யாணம் என்றால் நான் வர மாட்டேன். பாதபூஜைக்கு என் காலை நீட்ட மாட்டேன். அப்பா தனியாக வந்து நிற்கட்டும், கேட்கிறவர்களுக்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

வருகிற வெள்ளிக்கிழமைக்கு நியூவர்க் ஃபிளைட்டில் உனக்கு டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெட்டியை இங்கேயே பூட்டி வைத்துவிட்டுப் போ. வேட்டி, ஜிப்பா ஒன்றும் வேண்டாம், சட்டையை வெளியே விட்டுக்கொண்டு எப்போதும் போல் போ. முதலில் அந்த அக்காவைப் போய்ப் பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார், என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் உட்கார். பிறகு சம்பந்தி வீட்டுக்குப் போ. காரில் கேட்ட அதே கேள்வியை அவரிடம் மறுபடி கேள், முடியாது என்று சொன்னால் கேட்டுக்கொள். சமாதானம் சொல்லாதே, சட்டம் பேசாதே.

ஒன்றை மட்டும் கவனித்து வந்து எனக்குச் சொல். நீ கதவைத் திறந்து உள்ளே நுழையும்போது அவர் எழுந்து நின்றால், அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிடு, மறுபடி போகலாம். அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு, "வாரும் தம்பி, இரும்" என்று சொன்னால், வெளியே வந்து உடனே எனக்குப் போன் பண்ணு. நான் கல்யாணப் புடவை எடுக்கப் போக வேண்டும்.

அம்மா